கொத்தனார் நோட்டில் ஒற்றை ‘ட’, இரட்டை ‘ட’

ஊரில் அம்மாவுக்காக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். வேலையைப் பார்க்கும் கொத்தனார் அண்ணாச்சி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் கணக்கை இன்னொருவரிடம் விட மாட்டார். நாற்பது பக்க நோட்டை நீளவாக்கில் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். சனிக்கிழமை சம்பளம் போடும்போது அதை என் கையில் கொடுத்து, “பாத்துக்கிடுங்க தம்பி” என்பார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அதில் இரண்டு வரி அடுத்தடுத்து இருந்தது. ‘சைட்டு வாட்ச்மேன் 500.’ ‘சைடு பலகை வாடகை 1200.’

கணக்கை விட்டுவிட்டு எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை நடக்கிற இடம் சைட்டு, இரண்டு ட. பக்கம் என்ற பொருளில் வருவது சைடு, ஒற்றை ட. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ரேட்டு, நோட்டு, கேட்டு எல்லாவற்றிலும் இரட்டை. ரோடு, போர்டு, பின்கோடு எல்லாவற்றிலும் ஒற்றை. பைப்பு என்று இரட்டை ப, டியூபு என்று ஒற்றை ப. நோட்டு முழுக்கத் தேடியும் ஒரு இடத்தில்கூட மாறவில்லை.

“அண்ணாச்சி, இங்க ஒத்த ட, அங்க ரெண்டு ட. எப்படி எழுதுதீங்க?”

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “சொல்லிப் பாருங்க தம்பி, ரெண்டும் வேற வேறதான?”

எனக்குச் சோறு போடும் தொழிலே இதுதான் என்பதால் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. கணினியைத் தமிழ் பேச வைக்கும் வேலையில் ஒரு சிறு பகுதி என்னுடையது. பதிவு செய்த பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி, எந்த இடத்தில் எந்த ஒலி தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறிக்க வேண்டும். காலையிலிருந்து மாலைவரை காதில் கருவி, கண்ணெதிரே அலைக்கோடு. அண்ணாச்சி நோட்டில் இருந்ததைப் பற்றி உலகமெங்கும் பலர் வாழ்நாளைச் செலவழித்து யோசித்திருக்கிறார்கள். அந்தக் கதையை எழுத வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை.

முதலில் நோட்டில் நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வரும் வல்லினம் இளகிவிடும். ‘படம்’ என்பதில் வரும் ட, ‘பட்டம்’ என்பதில் வரும் ட்ட மாதிரி இறுகலாக இருக்காது. இரட்டித்தால் மட்டுமே நடுவில் அந்த இறுக்கம் நிற்கும். ஆங்கிலத்துக்காரர்களுக்கு இரண்டும் தனித்தனி எழுத்து. நமக்கு ஒரே எழுத்தின் இரண்டு நடை. ஆகவே வெளியிலிருந்து ஒரு சொல் இறுகலான ஒலியோடு வந்தால், அந்த இறுக்கத்தைக் காப்பாற்ற நமக்கு இருக்கும் ஒரே வழி இரட்டிப்பது. இளகிய ஒலியோடு வந்தால் ஒற்றையாக விட்டுவிட்டால் போதும். அண்ணாச்சி செய்திருப்பது இதைத்தான். எந்த வாத்தியாரும் எந்த வகுப்பிலும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் இருந்தது. பஸ்ஸு, பில்லு, ஜிம்மு என்று சொல்கிறோம். கேஸு, மெயிலு, ரூமு என்றும் சொல்கிறோம். முதல் கூட்டத்தில் கடைசி மெய் இரட்டிக்கிறது, இரண்டாவது கூட்டத்தில் இல்லை. காரணம் முதலெழுத்தின் நீளம். தனியாக நிற்கும் குறிலுக்குப் பின்னால் வந்தால் மெய் இரட்டும். நம் சொந்தச் சொற்களிலும் அப்படித்தான்: கல்லு, பாலு, கண்ணு, தேனு. நன்னூலில் பவணந்தி முனிவர் ‘தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதில் ‘தனி’ என்ற சொல்லை எத்தனை கவனமாக வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பென்சிலு என்கிறோம், பென்சில்லு என்பதில்லை. ‘சி’ குறில்தான், ஆனால் தனியாக இல்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சூத்திரம், பவணந்தி பார்த்தேயிராத பென்சிலுக்கும் பஸ்ஸுக்கும் பிசகாமல் பொருந்துகிறது.

தமிழில் ஒலிகளைப் பற்றிய இந்தப் படிப்பு எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால் தொல்காப்பியம் என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பாறைகளைக் காட்டுகிறேன்.

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்து பிராமி, மொழி தமிழ். அசோகரின் பிராமியில் க வரிசையில் மட்டும் மெல்லினம் போக நான்கு எழுத்து; ச, ட, த, ப வரிசைகளும் அப்படியே. அந்த எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த யாரோ, தமிழ்ச் சொற்களை எழுத ஒரு வரிசைக்கு ஒரு வல்லினம் போதும் என்று முடிவு செய்திருக்கிறார். ஒலிகள் குறைவு என்பதால் விட்டார் என்றால், பிராகிருதத்துக்குத் தேவைப்படாத ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குப் புதிதாக எழுத்து செய்ய வேண்டிய அவசியம் வந்திருக்காது. கையில் ஆயத்தமாக இருந்த எழுத்துகளை வேண்டாம் என்று வைத்துவிட்டு, இல்லாத நான்கை உண்டாக்கியிருக்கிறார். எந்த ஒலி வேறுபாடு பொருளை மாற்றுகிறது, எது மாற்றுவதில்லை என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்காமல் இதைச் செய்ய முடியாது. அந்த மனிதர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அவர்மேல் சொல்ல முடியாத மரியாதை உண்டு.

தொல்காப்பியரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்துகள் வாயில் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலில் அவர் வாய்க்குள்ளேயே போய்விடுகிறார். ககார ஙகாரம் நாவின் அடிப்பகுதி அண்ணத்தைத் தொடுவதால் பிறக்கும். சகார ஞகாரம் நடுநாவால். டகார ணகாரம் நுனிநாவால். உள்ளிருந்து முன்னோக்கி, படிப்படியாக. ல, ள இரண்டுக்கும் நாவின் விளிம்பு வீங்க வேண்டும் என்கிறார். இப்போதே ‘ள்’ என்று சொல்லி நாக்கை அப்படியே நிறுத்திப் பாருங்கள். காற்று நாக்கின் ஓரங்கள் வழியாகப் போவது தெரியும். மெய்களில் விளிம்பின் பேச்சை இந்த இரண்டு எழுத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ழகாரத்துக்கு ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்கிறார். நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். முட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது.

எங்கள் ஊரில் யாரும் வருடுவதில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு அது வாளப்பளம், மள, கெளவி. ஆறாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் ‘ழ’ வராத பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, சொல்லச் சொல்லிப் புறங்கையில் பிரம்பால் தட்டுவார். ‘நாக்கை மடிடா’ என்பார். எங்கே மடிக்க வேண்டும், எவ்வளவு மடிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டார். பிறப்பியலின் அந்த ஒரு வரியை அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு வந்திருக்கும். எனக்கு ‘ழ’ வந்ததே முப்பது வயதுக்கு மேல், அந்த வரியைப் படித்த பிறகுதான். 1999-இல் ஷ்ரீகாந்த் நாராயணன், டானி பர்ட், அபிகெய்ல் கௌன் மூவரும் எம்.ஆர்.ஐ. கருவியை வைத்து ர, ற, ல, ள, ழ சொல்லும்போது நாக்கு என்ன வடிவம் எடுக்கிறது என்று பார்த்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது பிறப்பியலையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன்.

அதேபோல் மலைக்கவைத்தவர் சமஸ்கிருதத்துக்கு இலக்கணம் எழுதிய பாணினி. அவருடைய அஷ்டாத்யாயியின் கடைசிச் சூத்திரம் ‘அ அ’. சமஸ்கிருதத்தில் குறில் அ வாய் ஒடுங்கிய ஒலி, நெடில் ஆ வாய் திறந்த ஒலி. ஆனால் விதிகள் சுருக்கமாக அமைய வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே இனமாகக் கொள்ள வேண்டும். நூல் முழுக்க அப்படி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிட்டு, ஏறத்தாழ நாலாயிரம் சூத்திரங்களுக்குப் பிறகு கடைசி வரியில் ‘அந்த அ, இந்த அ’ என்று உண்மையான ஒலியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வாயில் இருக்கும் ஒலி வேறு, மனக்கணக்கில் அது இருக்கும் இடம் வேறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அப்புறம் ஐரோப்பியர்கள் இதற்குள் வந்தபோது அவர்கள் கேள்வியே வேறாக இருந்தது: ஒலிகள் காலத்தில் எப்படி மாறுகின்றன? லத்தீனில் பிஸ்கிஸ், ஆங்கிலத்தில் ஃபிஷ். அங்கே பாதெர், இங்கே ஃபாதர். ப இருந்த இடத்திலெல்லாம் ஃப. ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822-இல் இதை ஒழுங்காக எடுத்து வைத்தார். நமக்குப் புரிய அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஓசூரைத் தாண்டினால் போதும். பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து. கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ப, ஹ ஆகிவிட்டது.

1870-களில் லைப்சிக் நகரத்து இளம் அறிஞர்கள் ஒரு படி மேலே போய், ஒலி விதிகளுக்கு விதிவிலக்கே கிடையாது என்றார்கள். விலக்கு மாதிரி ஒன்று தெரிந்தால், அதற்குள் இன்னொரு விதி இருக்கிறது என்று அர்த்தம். டென்மார்க்கின் கார்ல் வெர்னர் 1877-இல் வெளிவந்த கட்டுரையில் கிரிமின் விதிக்கு அடங்காத சொற்களையும் அப்படித்தான் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்.

எனக்குப் பிடித்த உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே கெய், இங்கே செய். கிறு, சிறு. கேரளம், சேரல். ஆக, இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் பழைய க, தமிழில் ச ஆகியிருக்கிறது. சரி, அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை? கிழங்கு, கெடு, கேள், கிண்ணம் எல்லாம் ஏன் அப்படியே நிற்கின்றன? அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள்: ள, ழ, ட, ண. நாக்கை மேலே மடக்கிச் சொல்லும் ஒலிகள். அந்த மடக்கு பின்னால் காத்திருந்தால் முன்னால் இருக்கும் க அசையாது. மொழியறிஞர் தாமஸ் பர்ரோ 1943-இல் இதை எடுத்துக்காட்டினார். கிளியும் கிழங்கும் தினமும் வாயில் புரளும் சொற்கள். அவற்றுக்குள் இப்படி ஒரு காவல் இருக்கிறது என்று அறிந்த இரவு நான் தூங்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், இடையன்குடிக்கு. அங்கே பல பத்தாண்டுகள் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழின் வல்லினம் சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் இறுகி, இடையில் ஒற்றையாக வந்தால் இளகும் என்பதை அவர் திராவிட மொழிகளின் ஒரு விதியாகவே எழுதினார். பாறையில் எழுத்தை விட்டவர் சொல்லாமல் செய்ததை, சொல்லிக் காட்டினார்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இந்த விதி எங்கே இருக்கிறது? நாக்கிலா, காதிலா, புத்தகத்திலா?

1910 வாக்கில் பிலடெல்பியாவில் எட்வர்ட் சபீர் என்ற இளம் மொழியியலாளர், டோனி டில்லோஹாஷ் என்ற இன்னொரு இளைஞரோடு உட்கார்ந்து தெற்குப் பாயூட் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். யூட்டா, அரிசோனா பக்கம் பேசப்படும் பழங்குடி மொழி அது. டோனி, கார்லைல் என்ற ஊரில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியிலிருந்து வந்தவர். அவர் மொழியிலும் நம்முடையதைப் போலவே உயிருக்குப் பின்னால் ப இளகிவிடும். உதடுகள் முழுதாக ஒட்டாமல் காற்று உரசிக்கொண்டு போகும். ‘தண்ணீரில்’ என்ற பொருளுள்ள சொல்லில் முதலில் இறுகலான ப, நடுவில் இளகிய ப. அசை அசையாகப் பிரித்துச் சொல்லும்படி சபீர் கேட்டார். டோனி ‘பா’ என்றார், நிறுத்தினார், அப்புறம் இரண்டாவது அசையையும் இறுகலான ப-வோடு சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லில் ஒருபோதும் அப்படி ஒரு ஒலி வந்ததில்லை. எழுதச் சொன்னபோதும் அதே ப-வைத்தான் எழுதினார்.

சபீர் பின்னால் 1933-இல் எழுதிய ஒரு கட்டுரைக்கு இதுவே முதல் சான்று. பேசுகிறவர் கேட்பது காற்றில் வருகிற ஒலியை அல்ல, தன் மொழி அந்த ஒலிக்குக் கொடுத்திருக்கிற இடத்தை என்பதுதான் அவர் கண்டது. அதற்கு எட்டாண்டு முன்பே, 1925-இல், மொழியின் ஒலிக்கோலங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கும்போது வரும் சத்தமும், ஆங்கிலத்தில் ‘எப்போது’ என்ற பொருளுள்ள சொல்லின் தொடக்கத்தில் சிலர் வாயில் வரும் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முன்னது மொழியின் கோலத்தில் ஒரு புள்ளி இல்லை, பின்னது புள்ளி. நாம் வருத்தப்பட்டு ‘ப்ச்’ என்று நாக்கைச் சொடுக்குகிறோம். அதைத் தமிழ் எழுத்து என்று யாரும் எண்ணுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் அது மாதிரிச் சொடுக்குகள் க, ச போல முழு மெய்யெழுத்துகள்.

டோனியின் கதையைப் படித்த பிறகு அம்மாவிடம் கேட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்காரவைத்து, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து, “முருகன்னு சொல்லுங்கம்மா” என்றேன்.

“என்னல, பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி சொல்லச் சொல்லுத?” என்றாள். சொன்னாள். பிறகு, “பிச்சுப் பிச்சுச் சொல்லுங்க” என்றேன்.

“மு. ரு. கன்.”

“இதுல வர்ற க-வும் கல்லுல வர்ற க-வும் ஒண்ணா, வேறயாம்மா?”

“ஒண்ணுதாம்ல. இதுல என்ன சந்தேகம்?”

ராத்திரி அந்தப் பதிவை பிராட் என்ற மென்பொருளில் திறந்தேன். ஆம்ஸ்டர்டாமில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதியது, இலவசம், என் தொழிலில் எல்லோர் கணினியிலும் இருக்கும். திரையில் நேரம் இடமிருந்து வலமாக ஓடும். ஒலி இருக்கும் இடம் கறுத்திருக்கும், மௌனம் வெள்ளையாக இருக்கும். அம்மா சேர்த்துச் சொன்ன ‘முருகன்’ முதலிலிருந்து கடைசிவரை ஒரே கறுப்பு. க வரவேண்டிய இடத்தில் சாயம் போன துணி மாதிரி லேசாக ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். நாக்கு அண்ணத்தை மூடவே இல்லை. பிரித்துச் சொன்னதில் ‘கன்’ ஒரு கூரிய செங்குத்துக் கோட்டோடு தொடங்கியது. அடைத்து வைத்த காற்று வெடித்துக்கொண்டு வெளிவந்த அடையாளம் அது. இரண்டு ஒலிக்கும் நடுவே அவ்வளவு வேறுபாடு. அம்மா காதுக்கு அந்த வேறுபாடு இல்லவே இல்லை. டோனியும் அம்மாவும் நூறு ஆண்டு இடைவெளியில், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்.

இப்படி மனம் ஒன்றாக எண்ணுகிற ஒலிக்கூட்டத்தைத்தான் ஒலியன் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இடத்துக்குத் தக்கபடி வேடம் மாற்றுகிறவை மாற்றொலிகள். இந்த எண்ணத்தை முழுச் சாத்திரமாகக் கட்டியவர்கள் 1926-இல் பிராக் நகரத்தில் மொழியியலாளர்கள் கூடித் தொடங்கிய பிராக் வட்டத்தார். அவர்களில் நிக்கொலாய் துருபெத்ஸ்கோய் ரஷ்யப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர், புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வந்து வியன்னாவில் பேராசிரியரானவர். ஒலியன்கள் தனித்தனி மணிகள் அல்ல, ஒன்றோடொன்று எதிர்நிற்பதால்தான் ஒவ்வொன்றும் ஒலியன் ஆகிறது என்றார். வால், வாழ், வாள் என்று நாம் வேறுபடுத்த முடிவது எதிர்நிலைகளால்தான். உலகின் எத்தனையோ மொழிகளின் ஒலி அமைப்புகளை அவர் ஒப்பிட்டார், தமிழ் வல்லினத்தையும் சேர்த்து. 1938 மார்ச்சில் நாஜிகள் வியன்னாவுக்குள் வந்தார்கள். இனவாதத்தை எதிர்த்து எழுதியிருந்த அவர் வீட்டை கெஸ்டபோ சோதனை போட்டுக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனது. ஏற்கெனவே நோயாளியான அவர் ஜூன் மாதம் இறந்துபோனார், 48 வயதில். முடிக்காமல் விட்டுப்போன நூல் 1939-இல் அச்சானது. நண்பர் ரோமன் யாக்கொப்சன் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் என்று ஓடி 1941-இல் நியூயார்க் சேர்ந்தார். ஒலிகளின் எதிர்நிலையைப் பற்றி யோசித்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்த நூலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

யாக்கொப்சனின் மாணவர் மோரிஸ் ஹாலெயும் நோம் சாம்ஸ்கியும் 1968-இல் ஆங்கிலத்தின் ஒலிக்கோலம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார்கள். எலெக்ட்ரிக் என்பதில் க ஒலி, எலெக்ட்ரிசிட்டி என்பதில் ச ஒலி. மனதுக்குள் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான், அதன்மேல் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்து வாய்க்கு வரும் வடிவத்தை உண்டாக்குகின்றன என்றார்கள். எல்லோரும் திட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டல், அந்த மனவடிவத்துக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது என்றும் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு மாங்குளத்துப் பாறைதான் கண்முன் வந்தது.

பிறகு 1993-இல் ஆலன் பிரின்ஸும் பால் ஸ்மொலென்ஸ்கியும் விதி வரிசையையே கைவிட்டார்கள். மனதில் இருப்பவை கட்டுப்பாடுகள், அவை ஒன்றோடொன்று மோதும், எது பெரிதென்று ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு வரிசை வைத்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஸ்கூல் என்ற சொல் தமிழுக்குள் வருகிறது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து நிற்கக் கூடாது என்பது ஒரு கட்டுப்பாடு. வந்த ஒலி எதையும் தொலைக்கக் கூடாது என்பது இன்னொன்று. புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்பது மூன்றாவது. மூன்றையும் காப்பாற்ற வழியில்லை. அம்மா மூன்றாவதை விட்டுக்கொடுத்து ‘இஸ்கூல்’ என்கிறாள். ஆனால் அதே அம்மா போலீஸ் ஸ்டேஷனை ‘டேசன்’ என்கிறாள், அங்கே ஸ் தொலைந்துவிட்டது. ஒரே வாய்க்குள் இரண்டு தீர்ப்பு. இந்தக் கோட்பாடு எனக்குப் பிடிக்கும், ஆனாலும் டேசன் என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட என் வேலைக்குப் பக்கத்தில் வந்தது குழந்தைகளைப் பற்றிய ஆய்வு. 1984-இல் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆங்கிலம் மட்டுமே காதில் விழுந்து வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அது அநேகமாகப் போய்விட்டது. ஆங்கிலத்துக்கு வேண்டாத வேறுபாட்டைக் காது ஒரு வயதுக்குள் தள்ளிவிடுகிறது. அப்படியென்றால் தவழ்கிற வயதிலேயே அம்மாவின் காது, முருகனின் க-வையும் கல்லின் க-வையும் ஒரே பானையில் போட்டுவிட்டது. அண்ணாச்சியின் நோட்டும் ஐந்தாம் வகுப்பில் தொடங்கியதல்ல, அவரைத் தொட்டிலில் போட்டிருந்தபோதே தொடங்கியது.

கணினிக்குத் தொட்டில் கிடையாது. அதனால்தான் எனக்கு வேலை இருக்கிறது. ‘பலம்’ என்று எழுதிக் கொடுத்தால், சக்தி என்ற பொருளில் இளகிய ப-வோடு படிக்க வேண்டும். ‘பல்’ என்றால் இறுகலான ப. இரண்டும் சொல்லின் முதலில்தான் வருகின்றன. பழைய விதிப்படி முதலில் இளகிய ஒலி வரவே கூடாது. ஆனால் வடமொழியும் ஆங்கிலமும் உள்ளே வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. காந்தி, பாபு, பயம் என்று இளகிய ஒலியில் தொடங்கும் சொற்கள் நம் வாயில் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றைத் தமிழின் புது ஒலியன்களாகக் கொள்வதா, விருந்தாளிகளாகவே வைப்பதா என்று மொழியியல் படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் எண்ணம், அவை குடியேறிவிட்டன என்பதுதான். என் மகளுக்கு ‘பாய்’ என்று எழுதிக் காட்டினால், “விரிக்கிற பாயா, கடைக்கார பாயாப்பா?” என்று கேட்கிறாள். எழுத்து ஒன்று, அவள் காதில் இரண்டு. அம்மா காதில் ஒன்றாக இருந்த ஒரு புள்ளி, மகள் காதில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் அடுப்படிக்கு அடித்தளம் போட்டார்கள். அண்ணாச்சி நோட்டில் ‘பெட்டு காங்கிரீட்’ என்று எழுதியிருந்தார். படுக்கை என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்தான், கடைசி ஒலி சைடு மாதிரி இளகியது. அவர் வழக்கப்படி ஒற்றை ட வர வேண்டும். ஆனால் முன்னால் தனிக்குறில். பவணந்தி விதிப்படி இரட்டியே ஆக வேண்டும். இரட்டினால் இறுகிவிடும். இரண்டு விதியும் ஒரே எழுத்தில் வந்து முட்டிக்கொண்டன.

“இதைப் படிங்க அண்ணாச்சி” என்று கைப்பேசியை நீட்டினேன். படித்தார். கூடவே மேலே இருந்த ‘ரேட்டு’ என்பதையும் படிக்கச் சொன்னேன்.

ராத்திரி இரண்டையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். ரேட்டின் நடுவே சுத்தமான வெள்ளை இடைவெளி. பெட்டிலும் அதே அகல இடைவெளி இருந்தது, இரட்டித்திருக்கிறார். ஆனால் அந்த வெள்ளையின் அடியோடு, கரித்துண்டால் கோடு இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்பு கடைசிவரை ஓடியது. வாய் மூடியிருக்கும்போதும் தொண்டை அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. தமிழ் எழுத்தில் இதற்கு இடமில்லை. அலுவலகப் பட்டியலிலும் இதற்குக் குறி இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு அறுபடவே இல்லை. குறியிட வேண்டிய கட்டத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.